திறப்பு விழாவன்று மீன் வேண்டாம்

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்கள் பள்ளியின் அறிவியல் மூலையில் மீன்தொட்டி வைப்பதென்று முடிவாகியிருக்கலாம். வைக்கலாமா என்று செயற்குழுவில் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். எதுவானாலும் என் வேண்டுகோள் ஒன்றுதான். திறப்பு விழாவன்று தொட்டியில் மீன் விடாதீர்கள். பிரமுகர் வரட்டும், நாடா வெட்டட்டும், மாலை போடுங்கள், படம் எடுங்கள். தொட்டிக்குள் தண்ணீரும் மணலும் செடியும் மட்டும் இருக்கட்டும். மீன் ஒரு மாதம் கழித்து வரட்டும்.

கேட்க விசித்திரமாக இருக்கும். மீன் இல்லாத மீன்தொட்டிக்கு எதற்குத் திறப்பு விழா என்று பொருளாளர் கேட்பார். ஆனால் வழக்கமாக என்ன நடக்கிறது என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை தொட்டி வாங்குகிறோம். சனிக்கிழமை கூட்டுப்பணியோடு கூட்டுப்பணியாகக் கழுவி, நீல நிறக் கல்லும் ஒரு பிளாஸ்டிக் கோட்டையும் போட்டு, குழாய்த் தண்ணீர் நிரப்புகிறோம். திங்கட்கிழமை சபைகூடலில் பிரமுகர் பிளாஸ்டிக் பையை அவிழ்த்து இருபது தங்கமீன்களை உள்ளே கொட்டுகிறார். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். வியாழக்கிழமை தண்ணீர் பால் கலந்ததுபோல் ஆகிறது. அடுத்த திங்கள், பிள்ளைகள் வருவதற்கு முன்னால் டீச்சர் ஒருவர் சீக்கிரமே வந்து, மிதப்பதையெல்லாம் வலையால் அள்ளிக் குப்பையில் போடுகிறார். யாரோ ஒருவர் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கல்லையும் ஃபில்டரையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, மறுபடி மீன் வாங்கி விடுகிறார். அவையும் சாகின்றன. கடைசியில் தொட்டி, விளையாட்டுப் போட்டிக் கொடிகளுக்கு அடியில் ஸ்டோர் ரூமில் போய்ச் சேருகிறது. "நம்ம பள்ளிக்கு மீன் ராசியில்லை" என்று பேச்சு முடிகிறது.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மீனின் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாக அதன் செவுள் வழியே நேராகத் தண்ணீரில் கலக்கிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஆற்றில் அது அடித்துச் செல்லப்படும். ஐம்பது லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் எங்கே போகும்? அதைத் தின்று பிழைக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கமுடியாமல் செய்துவிடும். இன்னொரு கூட்டம், நைட்ரோஸ்பைரா போன்றவை, அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை; கொஞ்சத்தைச் செடி எடுத்துக்கொள்ளும், மீதியை வாரந்தோறும் தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம். இந்த இரண்டு கூட்டமும் புதுத் தொட்டியில் கிட்டத்தட்ட இல்லை. ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் அவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குமுன் இருபது மீனை இறக்குவது, கக்கூஸ் கட்டாத வீட்டில் இருபது பேரைக் குடிவைப்பது மாதிரி.

நம் ஊர் வெப்பத்தால் ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம் வெப்பத்தோடு கூடும். காரகாடித்தன்மை (pH) ஒன்றாகவே இருந்தாலும், 20 பாகை நீரில் இருப்பதைப்போல ஏறக்குறைய இருமடங்கு 30 பாகை நீரில் இருக்கும். குளிர்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து "கொஞ்சம் அம்மோனியா பரவாயில்லை" என்று பினாங்கில் சொல்லமுடியாது.

இந்த ஒரு மாதத்தை வெறும் காத்திருப்பு என்று நினைக்காதீர்கள். என்னைக் கேட்டால் ஒரு மீன்தொட்டி பிள்ளைகளுக்குக் கற்றுத்தரக்கூடிய மிகப்பெரிய பாடமே மீன் வருவதற்கு முந்தைய இந்த மாதத்தில்தான் இருக்கிறது. சொட்டு மருந்துபோல் சோதனைக் குழாயில் விடும் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் பரிசோதனைப் பெட்டி மீன்கடைகளில் கிடைக்கும். தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனியைக் காலித் தொட்டியில் போடச் சொல்லுங்கள். அது அழுகி அம்மோனியாவைத் தரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் சோதித்து, நிற அட்டையோடு ஒப்பிட்டு, சுவரில் ஒட்டிய வரைகட்டத்தாளில் புள்ளி வைக்கட்டும். முதலில் அம்மோனியாக் கோடு ஏறும். பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறும். அந்தக் கட்டத்தில் சோதனைக் குழாயில் ஊதா நிறம் அடர்ந்துகொண்டே போவதைப் பார்த்துப் பிள்ளைகள் "இன்னும் கூடிடுச்சு டீச்சர்" என்று கத்துவார்கள். ஒரு நாள் அந்த நிறம் திடீரென்று வெளிறிப்போகும். தீனி போட்ட மறுநாளே அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் இருந்தால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வேலை செய்வதைப் பத்து வயதுப் பிள்ளை தன் கையால் வரைந்த கோட்டில் பார்ப்பதைவிட நல்ல அறிவியல் மூலை எது?

அவசரம் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. சங்கத்தில் யாராவது நன்றாக ஓடும் தொட்டி வைத்திருந்தால் அவர் ஃபில்டர் பஞ்சில் பாதியை வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பாக்டீரியா அதிலேயே குடியிருக்கும். மாதம் வாரங்களாகச் சுருங்கும். பஞ்சைக் காயவிடாமல், தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுவர வேண்டும். அப்போதும் சோதனைக் குழாய் சொன்ன பிறகுதான் மீன்.

இனித் தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் போதும். விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 55 லிட்டர். மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் எழுபது கிலோவைத் தாண்டும். ஆகவே புத்தக அலமாரியின் மேல்தட்டு கூடாது. கனமான மேசை, அதன்மேல் ஒரு பாலிஸ்டைரின் விரிப்பு, அதன்மேல் தொட்டி. சன்னலோரம் வேண்டாம், வெயில் பட்டால் பாசி பிடிக்கும், தண்ணீரும் கொதிக்கும். சின்னத் தொட்டி பராமரிக்கச் சுலபம் என்று யாராவது உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பரிந்துரைத்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். தண்ணீர் குறையக் குறைய எல்லாமே வேகமாகக் கெடும்.

ஹீட்டர் வாங்கவேண்டாம். கடையில் "டிராபிக்கல் செட்" என்று அதையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நமக்கு எதற்கு? நாம்தான் டிராபிக்கல். குளிர்சாதனம் இல்லாத வகுப்பறையில் தண்ணீர் தானாகவே 27 முதல் 30 பாகையில் நிற்கும். நமக்குப் பிரச்சினை மறுபக்கம். 20 பாகையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; 30 பாகையில் ஏழரைதான். மிச்சப்பட்ட ஹீட்டர் காசில் ஒரு நல்ல ஏர் பம்பும் ஸ்பஞ்ச் ஃபில்டரும் வாங்குங்கள். அந்தப் பஞ்சைக் கழுவும்போது குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரிலேயே நாலு தடவை பிழிந்தால் போதும். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின், மாதக்கணக்கில் வளர்த்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

தீவுக்கு வரும் குடிநீரில் பெரும்பங்கு சுங்கை மூடாவிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படுவது. மென்மையான தண்ணீர், மீனுக்குப் பிடிக்காத தண்ணீரல்ல. குளோரினை மட்டும் நீக்கவேண்டும். 'ஆன்டி-குளோரின்' என்று கடையில் விற்கும் சோடியம் தயோசல்பேட் போட்டால் உடனே போகும். திறந்த வாளியில் ஏர் ஸ்டோன் ஓடவிட்டு ஒரு நாள் வைத்தாலும் போகும். வாரத்துக்குக் கால்பங்குத் தண்ணீர் மாற்றினால் போதுமானது.

வாளி என்றதும் சில ஆசிரியைகளின் முகம் மாறும். ஏடிஸ் கொசு நினைவுக்கு வரும். நியாயமான பயம். 1975ஆம் ஆண்டுப் பூச்சி ஒழிப்புச் சட்டத்தின்கீழ் சுகாதார அதிகாரிகள் பள்ளியிலும் அபராதம் போடலாம். மீன் உள்ள தொட்டியில் கொசுப்புழு பிழைக்காது, மீனே தின்றுவிடும். ஆபத்து, மீன் இல்லாத அந்த முதல் மாதத்திலும், தேங்கிய வாளியிலும்தான். ஏர் ஸ்டோன் தண்ணீரின் மேற்பரப்பை இரவும் பகலும் கலக்கிக்கொண்டிருக்கட்டும், தொட்டிக்கு வலை மூடி போடுங்கள், வாளிக்கு இறுக்கமான மூடி. வாளியே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காக மாநிலத்தின் பல பகுதிகளில் நான்கு நாள் தண்ணீர் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். அப்படி ஒரு நாளில் மூடிவைத்த இரண்டு வாளித் தண்ணீர் தொட்டியைக் காப்பாற்றும். குழாய் திரும்பி வந்ததும் கலங்கலாக வரும் முதல் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவேண்டாம்.

சரி, எந்த மீன்?

தங்கமீன் வேண்டாம். அது குளிர்நீர் மீன், நிறையக் கழிக்கும், ஓரடிவரைகூட வளரும். நியான் டெட்ரா பார்க்க அழகுதான். ஆனால் அமேசான் காட்டின் நிழல் நீரோடைக்காரன். நம் வகுப்பறைச் சூட்டில் சீக்கிரம் சோர்ந்துபோகும். 'மிஸ் கேரளா' என்று கடைகளில் பார்த்திருப்பீர்கள்: உடம்பில் கருங்கோடு, அதன்மேல் ஒரு சிவப்புக்கோடு. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பிறந்தது. 1865இல் மெட்ராஸ் கவர்னராக இருந்த டெனிசனின் பெயர் அதன் அறிவியல் பெயரில் ஏறியது. மீன்வளர்ப்போர் ஆசையால் காட்டிலிருந்து அள்ளி அள்ளி, இன்று அழியும் நிலையிலுள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது. தாயகப் பாசம் எனக்கும் உண்டு; ஆனால் அதற்குக் குளிர்ந்த, வேகமாக ஓடும் தண்ணீரும் நான்கடித் தொட்டியும் வேண்டும். டிஸ்கஸ் வளர்ப்பில் பினாங்குக்கு உலகப் பெயர், 'பினாங்கு எரப்ஷன்' என்று ஊர்ப் பெயரிலேயே ஒரு ரகம் இருக்கிறது. அதற்கும் இரண்டடித் தொட்டி பத்தாது.

வசதியுள்ள யாராவது, "ஒரு கெலிசா தர்றேன், பள்ளிக்கு அதிர்ஷ்டம்" என்பார். பக்கத்துப் பேராக்கின் புக்கிட் மேரா ஏரிதான் மலேசியத் தங்கக் கெலிசாவுக்குப் பேர்போன இடம். அந்த மீன் 1975 முதல் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. உரிமம் பெற்ற பண்ணைக் குஞ்சுக்கு உடம்பில் மைக்ரோசிப்பும் கையில் சான்றிதழும் உண்டு. இரண்டடித் தொட்டியில் இரண்டடிக்குமேல் வளரும் மீன். கூட இருக்கும் சின்ன மீனையெல்லாம் ஒவ்வொன்றாக விழுங்கும். அந்தப் பெரியவரிடம், "அண்ணே, அதுக்குப் பதிலா ஒரு நல்ல பம்ப் வாங்கிக் குடுங்க" என்று சொல்லத் தலைவருக்குத் துணிச்சல் வேண்டும்.

நான் சொல்வது இந்த மண்ணின் மீன். ஹார்லெக்வின் ரஸ்போரா. செம்பு நிற உடம்பு, பின்பாதியில் ஆட்டுத்தொடை வடிவில் ஒரு கருமுக்கோணம், வளர்ந்தால் ஒன்றரை இரண்டு அங்குலம். மலாயாத் தீபகற்பத்தின் காட்டோடைகளிலும் கரி நிறச் சதுப்புநீரிலும் வாழ்வது. 1904இல் ஜெர்மானியர் டுங்கர், மலாயா மீன்களைப் பற்றிய தம் நூலில் இதற்குப் பெயர் வைத்தார். இன்று உலகம் முழுக்க உள்ள மீன்கடைகளில் விற்கிறது. ஐரோப்பாவில் பிள்ளைகள் ஹீட்டர் போட்டு, தண்ணீரை மென்மையாக்கி வளர்க்கிறார்கள். நமக்கோ அந்த வெப்பமும் மென்மையும் குழாயைத் திறந்தால் வருகிறது. இத்தனை வசதி இருந்தும் நம் பள்ளித் தொட்டிகளில் நான் இதை அதிகம் பார்த்ததில்லை. பத்துப் பண்ணைக் குஞ்சுகள் வாங்குங்கள். ஐந்து, ஐந்தாக, இரண்டு வார இடைவெளியில் விடுங்கள். பாக்டீரியாவுக்கும் பழக நேரம் வேண்டும். கூட்டமாக இருந்தால்தான் இதற்குத் தைரியம். தரையோரம் துழாவ, மஞ்சளும் கருப்பும் பட்டை போட்ட, குட்டிப் பாம்புபோல் நெளியும் கூலி லோச் ஐந்து. அதற்கு மெல்லிய மணல் வேண்டும். கூர்மையான கல் மீசையைக் கிழிக்கும். பகலெல்லாம் ஒளிந்துகொள்ளும் என்பதால் "காணோம், காணோம்" என்று பிள்ளைகள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். அவ்வளவுதான். பதினைந்துக்கு மேல் போகாதீர்கள். "தொட்டி காலியா இருக்கே" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொல்வார்கள், சொல்லட்டும்.

செடியும் உள்ளூர்தான். கிரிப்டோகோரைன் மணலில் ஊன்றலாம். ஜாவா ஃபெர்னை ஊன்றக்கூடாது, அதன் தண்டுக்கிழங்கு அழுகிவிடும். ஒரு கட்டையில் நூலால் கட்டுங்கள். கிரிப்டோகோரைன் நட்ட ஒரு வாரத்தில் இலையெல்லாம் கரைந்து கூழாகும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேர் உயிரோடிருக்கும், புது இலை வரும். அந்த அகன்ற இலை வந்தபிறகு ஹார்லெக்வின் சோடிகள் காலை வேளையில் அதன் அடியில் போய்த் தலைகீழாகப் புரண்டு, இலையின் அடிப்பக்கத்தில் முட்டை ஒட்டுவதைப் பிள்ளைகள் பார்க்கக்கூடும். கடலோரத்தில் உதிரும் கெத்தாப்பாங் இலை, அதாவது நம் நாட்டு வாதுமை இலை, நன்றாகக் காய்ந்தது ஒன்றைக் கழுவிப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும். மீனுக்கு அது வீட்டு வாசனை. தலைமையாசிரியருக்கு அது அழுக்கு. முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தண்ணீர்மலைப் பக்கம் ஓடையில் இறங்கி மீன் பிடித்துவந்து தொட்டியில் விடலாமா என்றும் ஒரு கேள்வி வரும். வேண்டாம். ஆனால் அந்த ஓடைகளின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த தியடோர் கேன்டர் என்ற டேனிஷ்காரர், மலாயா மீன்களைப் பற்றிய தம் பட்டியலில் 1849இல் ஒரு பினாங்கு மீனை விவரித்தார். இன்று அதன் பெயர் பெட்டா பக்னக்ஸ். பெயரில் போர்க்குணம் இருந்தாலும் சாந்தமான மலையோடை மீன். பெட்டை இட்ட முட்டைகளை ஆண் தன் வாயில் வாங்கி, குஞ்சு நீந்தும்வரை கிட்டத்தட்ட இரண்டு வாரம் பட்டினி கிடந்து காக்கும். சயாமியச் சண்டை மீனையும் அதே பெயரில்தான் கேன்டர் சேர்த்திருந்தார்; அதற்கு பெட்டா ஸ்ப்ளென்டன்ஸ் என்ற தனிப்பெயரை 1910இல் ரீகன் கொடுத்தார். கேன்டர் பட்டியல் எழுதிய அதே காலத்தில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், தங்கமீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஒன்றையொன்று தாங்கி வாழுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். இன்று நம் மேசையில் நிற்கும் தொட்டிக்கு மூலம் அந்த மாதிரிச் சோதனைகள்தான்.

பிடித்துக் கொண்டுவருவதைவிடப் பெரிய தப்பு, கொண்டுபோய் விடுவது. வருடக்கடைசியில் மீன் மிஞ்சும், அல்லது யாரோ தொட்டி துடைக்க வாங்கிவிட்ட இக்கான் பண்டாராயா ஒன்றரை அடி வளர்ந்து நிற்கும். "பாவம், ஆத்துல விட்டுடலாம்" என்று நல்ல மனசோடுதான் சொல்வார்கள். அந்தத் தென்னமெரிக்க மீன் அப்படித்தான் கிள்ளான், லங்காட் ஆறுகளில் பெருகி, கரையைக் குடைந்து, நம் மீன்களின் இடத்தைப் பிடித்தது. தொண்ணூறுகளின் கடைசியில் இதே நாட்டில் உருவாக்கிய ஃபிளவர்ஹார்ன், மோகம் தீர்ந்ததும் ஆற்றிலும் ஈயக்குட்டையிலும் கொட்டப்பட்டது. மிஞ்சிய மீனைக் கடையிலோ வேறு பள்ளியிலோ கொடுங்கள். லோங்காங்கில்கூட வேண்டாம், லோங்காங் ஆற்றில்தான் முடிகிறது.

தீனி விஷயத்தில் கறாராக இருங்கள். ஆறு வகுப்பும் தீனி போட ஆசைப்படும். ஆறு வகுப்பும் போட்டால் தொட்டி ஒரே வாரத்தில் முடிந்தது. வாரத்துக்கு ஒரு வகுப்பு. மருந்துக்கடையில் கிடைக்கும் கிழமை போட்ட மாத்திரைப் பெட்டியில் டீச்சரே அளந்து வைத்துவிடட்டும். பிள்ளை அன்றைய அறையை மட்டும் திறந்து கொட்டும். இரண்டு நிமிடத்தில் தின்று தீராத தீனி அதிகம் என்று அர்த்தம். வார இறுதியில் பட்டினி போடலாம், வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது.

பட்டினியைவிடச் சுவிட்ச்தான் எனக்குப் பயம். பள்ளி முடிந்ததும் மின்சாரச் சிக்கனம் என்று எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவார்கள். நீண்ட விடுமுறைக்கு மெயினையே இறக்குவார்கள். பம்ப் நின்றால் பஞ்சிலுள்ள பாக்டீரியா மூச்சடைத்துத் திணறும், திங்கட்கிழமை அதே பால்நிறத் தண்ணீர். ஆகவே தொட்டிக்குத் தனிப் பிளக்கு, அதன்மேல் டேப் ஒட்டி, தமிழிலும் மலாயிலும் "அணைக்காதீர்" என்று எழுதுங்கள். ஜாகாவிடமும் துப்புரவு அக்காவிடமும் தலைவரே நேரில் போய்ச் சொல்லட்டும்; சுற்றறிக்கை அவர்களிடம் போய்ச் சேராது. ஆண்டிறுதி விடுமுறைக்கு, பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பெற்றோர் நான்கு பேர் முறைவைத்து மூன்று நாளுக்கு ஒருமுறை எட்டிப்பார்த்து, ஆவியான தண்ணீரை நிரப்பி, ஒரு சிட்டிகை தீனி போட்டுவிட்டு வரவேண்டும். அந்த நான்கு பேரின் பெயர் கிடைக்கவில்லை என்றால் தொட்டியே வாங்கவேண்டாம். கிடைத்தால், தொட்டி வாங்கும் தீர்மானத்தோடு அந்தப் பெயர்களையும் அதே கூட்டக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள்.

அன்புடன்,
ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு பெற்றோர்